ஒரு படம், ஐந்து தாள்கள்

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. ஒரே படத்தின் ஐந்து பிரிண்டுகள் பரப்பிக் கிடக்கின்றன. காசிமேட்டில் விடிவதற்குச் சற்று முன்பு எடுத்த படம். வலையில் கிழிசல் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், அவர் முதுகுக்குப் பின்னால் தார் பூசிய படகின் வயிற்றுப் பக்கம், அதற்கும் பின்னால் இன்னும் வெளுக்காத வானம். பெரியவரின் தோள், படகு, வானம் மூன்றும் கறுப்பு; ஆனால் மூன்றும் வேறு வேறு கறுப்பு. கம்ப்யூட்டர் திரையில் இது பளிச்சென்று தெரிகிறது. தாளில் இறங்கியதும் சிலவற்றில் மூன்றும் ஒட்டிக்கொண்டு கரிச்சட்டியின் அடிப்புறம்போல் ஆகிவிட்டன.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "அஞ்சும் ஒண்ணுதானேடா, எதுக்கு இத்தனை?" என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடப்பக்கம் இருந்து இரண்டாவதைத் தொட்டு, "இதுல படகு இருக்கு. இந்த ஓரத்துல இருக்கறதுல படகே காணோமே" என்றார்.

தாளின் வெண்மை, கனம், தடவிப் பார்த்தால் எப்படி, விலை என்று நோட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிடமும் முதலில் கேட்டது அம்மாவின் கேள்வியைத்தான்: படகு இருக்கிறதா?

எடுக்க வேண்டிய முடிவு இதுதான். 24 கறுப்பு வெள்ளைப் படங்கள். பெரும்பகுதி காசிமேடு, மீதி மாமல்லபுரம். எல்லாம் ஏ3+ அளவு, அதாவது 13-க்கு 19 அங்குலத் தாள். பெசன்ட் நகரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு வாரம் மாட்டப்போகிறோம், பிறகு பல வீடுகளுக்குப் போய்விடும். பிரிண்டர், நானும் அவரும் பங்கு போட்டு வாங்கிய எப்சன் பி900. மேட் தாள், அதாவது பளபளப்பில்லாத தாள் என்பது முடிவாகிவிட்டது, எந்த மேட் என்பதுதான் பாக்கி.

மேட் என்று ஏன் முடிவானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்குப் பார்த்தால் மேட் தோற்க வேண்டும். பிரிண்டில் கறுப்பின் ஆழத்தை டென்சிட்டி என்ற எண்ணால் அளக்கிறார்கள். நல்ல மேட் தாளில் அது 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். பரைட்டா போன்ற பளபளப்புத் தாளில் 2.2-ஐத் தாண்டும். இது மடக்கை அளவு. 1.7 என்றால் கறுப்பின்மேல் விழும் ஒளியில் 2 சதவீதம் கண்ணுக்குத் திரும்புகிறது, 2.3 என்றால் அரை சதவீதம்தான். அதாவது பளபளப்புத் தாளின் கறுப்பு நான்கு மடங்கு இருட்டு.

ஆனால் சென்னையில் பிரிண்டைக் கண்ணாடி போடாமல் மாட்ட முடியுமா? தூசி, உப்புக்காற்று, விரல், பல்லி. அதிலும் பல்லி எந்தக் கலையையும் மதிப்பதில்லை. கண்ணாடி போட்டே ஆக வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, இரண்டு முகத்துக்கும் சேர்த்து 8. எதிரே ஜன்னல் இருக்கும் கூடத்தில் மேட் கறுப்பு 2 கூட்டல் 8, பளபளப்புக் கறுப்பு அரை கூட்டல் 8. காசு கொடுத்து வாங்கிய ஆழத்தைக் கண்ணாடியே தின்றுவிடுகிறது. இருட்டறையில் ஸ்பாட் லைட் போட்டுக் காட்டும் கேலரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் வீட்டுக் கூடத்துக்குப் பொருந்தும். அத்துடன் மேட் தாளில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இங்க் மினுங்காது, வெண்கலப் பூச்சுபோல நிறம் மாறாது. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் படம் அப்படியே இருக்கும்.

மழையில் நனைந்த இரவுத் தெரு, கார் ஹெட்லைட், நியான் போர்டு என்று எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு பரைட்டா வாங்கிக்கொள்ளலாம். அந்தப் படங்கள் மேட்டில் சோர்ந்துபோகும்.

இன்னொன்று. தாளுக்கு முன்னால் பிரிண்டரைக் கேட்க வேண்டும். மேட் தாளுக்கென்று தனிக் கறுப்பு இங்க் உண்டு, மேட் பிளாக் என்று பெயர். பளபளப்புத் தாளுக்கு உரிய ஃபோட்டோ பிளாக்கை மேட் தாளில் அடித்தால் சாம்பல்தான் வரும். பழைய எப்சன் பி800 போன்றவற்றில் இரண்டு கறுப்பும் ஒரே வழியில் போகும். மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் இங்க் வீணாகும். பி900-லும் கேனன் புரோ-1000-லும் இரண்டுக்கும் தனித்தனி வழி. நம்மூர் ஸ்டுடியோக்களில் பரவலாக இருக்கும் எல்1800 போன்ற ஆறு வண்ண டேங்க் பிரிண்டர்களில் மேட் பிளாக்கும் இல்லை, சாம்பல் இங்க்கும் இல்லை. சாம்பலை நீலம், சிவப்பு, மஞ்சளைக் கலந்துதான் செய்ய வேண்டும். அதில் எவ்வளவு விலையுள்ள பருத்தித் தாளைப் போட்டாலும் டியூப் லைட்டில் ஒரு நிறம், ஜன்னல் ஓரம் ஒரு நிறம் என்று காட்டும். வெளியே கொடுத்து அடிப்பவர்கள் தாளின் பெயரைக் கேட்பதற்கு முன் "என்ன பிரிண்டர், மேட் பிளாக் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். நான் பல வருஷம் முன்பு ஒரு லேபில் இதைக் கேட்காமல் கொடுத்துவிட்டு, வந்ததைப் பார்த்து முகம் சுளித்தபோது அங்கிருந்த பையன் சொன்னான்: "மானிட்டர்ல பாத்த கறுப்பு பேப்பர்ல வராது சார்." பாதி உண்மை. பி900-இல் அட்வான்ஸ்ட் பிளாக் அண்ட் ஒயிட் என்ற முறையில் அடித்தால் பெரும்பாலும் கறுப்பு, கிரே, லைட் கிரே இங்க்குகளே வேலை செய்யும். வண்ண இங்க் துளித்துளியாகத்தான் வரும். ஐந்து பிரிண்டும் அப்படி அடித்தவை.

இனி தாள்கள்.

இடக்கோடியில் கிடப்பது 190 ஜிஎஸ்எம் சாதா மேட். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. பருத்தி கிடையாது, மரக்கூழ். ஆச்சரியம், கறுப்பில் இது யாருக்கும் சளைத்ததில்லை. படகைக் காணோம் என்று அம்மா சொன்னது இந்தத் தாளை இல்லை, அது வேறு. மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் வலையின் ஒவ்வொரு இழையும் எண்ணிவிடலாம்போல் தெளிவு. விலையிலும் பருத்தித் தாள் இதைப்போல் பல மடங்கு. அப்படியானால் இதையே வாங்கிவிட வேண்டியதுதானே?

இதன் வெண்மையில்தான் சூது. வேட்டிக்கு நீலம் போடுவது எதற்கு? மஞ்சள் தட்டிய துணி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியத்தானே? தாள் ஆலைகளும் அதே வேலையைச் செய்கின்றன, கொஞ்சம் சாமர்த்தியமாக. ஒளிர்வூட்டி ஒன்றைக் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது உறிஞ்சி நீல ஒளியாக வெளியே விடும். ஜன்னல் ஓரம் தாள் பால்போல் இருக்கும். ராத்திரி எல்இடி பல்பின் கீழ் புற ஊதா கிட்டத்தட்ட இல்லாததால் அதே தாள் மங்கும். சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, வெளிச்சம் பட்டுப் பட்டு அந்த ஒளிர்வூட்டியே செத்துப்போவது. வீட்டு மேற்குச் சுவரில் இப்படி ஒரு பிரிண்டை இரண்டு வருஷம் மாட்டியிருந்தேன். சட்டத்தைக் கழற்றியபோது மவுன்ட்டுக்கு (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) அடியில் இருந்த ஓரம் வெள்ளை, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை நிறம். கறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை என்பதே தாள்தான், அதற்கென்று இங்க் கிடையாது. வெள்ளை போனால் பாதிப் படம் போனது.

இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா டார்ச் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து தாளின் மேலும் அடித்தேன், பக்கத்தில் ஒரு 100 ரூபாய் நோட்டையும் வைத்து. ரிசப்ஷன் மேடையில் ஊதா லைட்டின் கீழ் மாப்பிள்ளையின் சட்டை ஒளிருமே, அப்படி ஒளிர்ந்தது சாதா மேட். ரூபாய் நோட்டு இருட்டாகவே இருந்தது, எண் இருக்கும் இடமும் சிதறிய சில இழைகளும் மட்டும் மினுங்கின. நம் நோட்டும் முழுப் பருத்தித் தாள்தான், ஒளிர்வூட்டி கலக்காதது. நல்ல ஃபைன் ஆர்ட் தாளும் டார்ச்சின் கீழ் அந்த நோட்டைப்போல் சும்மா கிடக்க வேண்டும். மேஜையில் இரண்டு அப்படிக் கிடந்தன.

சாதா மேட்டை இதற்காக ஒதுக்கிவிடவில்லை. சோதனை பிரிண்டுக்கு அதைவிட நல்ல தாள் இல்லை. ஆல்பத்துக்குள், அலமாரிக்குள் இருக்கப்போகும் பிரிண்டுக்கும் போதும். சுவருக்கு மட்டும் வேண்டாம்.

மரக்கூழ் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாளிதழ் மஞ்சளாவது மரத்தில் உள்ள லிக்னினால். அதை நீக்கிச் சுத்தம் செய்த ஆல்ஃபா செல்லுலோஸ் தாள்கள் அமிலமில்லாமல் வருகின்றன, அவற்றைப் பயமில்லாமல் வாங்கலாம். அதற்கு நல்ல உதாரணம் அடுத்தது.

ஹானமூலே ஜெர்மன் எட்சிங், 310 ஜிஎஸ்எம். விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும் தாள். காசிமேட்டுப் படத்தில் படகு காணாமல் போனது இதில்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளின் மேடுகள் சின்னச் சின்னதாக ஒளியை வாங்குகின்றன. இருட்டுக்குள் இருட்டாக இருக்கும் விஷயங்களை அந்த இரைச்சல் மூடிவிடுகிறது. வலையின் இழைகளும் அறுந்து அறுந்து தெரிந்தன. சரி, தோற்றது என்று ஓரம்கட்டப் போனேன். ஒரு குறுகுறுப்பில் மாமல்லபுரம் படம் ஒன்றை அடித்துப் பார்த்தேன். அர்ஜுனன் தபசில் யானைக்கு அடியில் நிற்கும் குட்டிகள். ஏழாம் நூற்றாண்டு உளி போட்ட கருங்கல்லும் இந்தத் தாளின் சொரசொரப்பும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. நண்பர் பிரிண்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். கல், சுவர், பட்டை உரியும் மரம், மேகம் என்று எடுப்பவர்கள் இதை விட்டால் வேறு தேட வேண்டாம். முகம் எடுப்பவர்களுக்கு இது ஆகாது. அறுபது வயது முகத்துக்கு இந்தத் தாள் இன்னும் பத்து வயது கூட்டும்.

ஹானமூலே பாம்பூ, 290 ஜிஎஸ்எம். 90 சதவீதம் மூங்கில், 10 பருத்தி, ஒளிர்வூட்டி இல்லை. டார்ச்சுக்குச் சும்மா கிடந்த இரண்டில் ஒன்று. நிறம் சந்தன வெள்ளை. தனியாகப் பார்த்தால் மனசு இளகும். மற்றவற்றின் பக்கத்தில் வைத்தால் கடல் நுரை சாயங்கால நுரையாகத் தெரிகிறது. இன்னொரு சிக்கல், தாள் மஞ்சள் பக்கம் இருப்பதால் நடுநிலைச் சாம்பல் அதன்மேல் லேசாக நீலம் தட்டியதுபோல் கண்ணுக்குப் படுகிறது. பிரிண்டரில் டோனைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் சரியாகும். தாத்தா காலத்து வீடு, திண்ணை, பழைய முகங்கள் என்று இதமாக எதையாவது செய்தால் இதைத்தான் எடுப்பேன். விடியற்காலைக் காசிமேட்டில் இதம் எங்கே இருக்கிறது?

மிச்சம் இருப்பவை இரண்டும் முழுப் பருத்தி, இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம், இரண்டும் சளைக்காதவை. சண்டை உண்மையில் இவற்றுக்கு நடுவில்தான். ஹானமூலே ஃபோட்டோ ராக் 308, கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310.

இரண்டு ஆலைகளுக்கும் வயது பொல்லாதது. ஹானமூலே ஜெர்மனியில் 1584 முதல், கேன்சன் பிரான்ஸில் 1557 முதல். கேன்சன் ஆலையை நடத்திய குடும்பத்திலிருந்து வந்தவர்கள்தான் 1783-இல் வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்ட மோன்கோல்பியே சகோதரர்கள். பலூனின் துணிக்கு உள்பக்கம் தாள்தான் ஒட்டினார்கள். நம் பிரிண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாள்காரர்கள் எதையும் செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள நல்லது.

ஃபோட்டோ ராக் கையில் எடுத்தால் சலவைக்குப் போய்வந்த பருத்தித் துணிபோல் மெத்தென்று இருக்கிறது. மேற்பரப்பில் மிக மெல்லிய சொரசொரப்பு, ஒரு சாண் தூரத்தில் மறைந்துவிடும். முகத்தின் தோலுக்கு இது தரும் மென்மை மற்ற நான்கிலும் இல்லை. ஒளிர்வூட்டி மிகக் குறைவான அளவில் உண்டு. டார்ச்சின் கீழ் ரூபாய் நோட்டுக்கும் சாதா மேட்டுக்கும் இடையில், நோட்டுக்கு அருகில் நின்றது. உலகம் முழுக்க ஃபைன் ஆர்ட் பிரிண்ட் என்றால் முதலில் எடுக்கும் தாள் இது என்பதால் பெரும்பாலான ஃபோட்டோ பிரிண்டர்களுக்கும் ஐசிசி ப்ரொஃபைல், அதாவது இந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு, தயாராகக் கிடைக்கிறது. அது சின்ன வசதியல்ல.

ராக் ஃபோட்டோகிராஃபிக் இன்னும் வழவழப்பு, ஒளிர்வூட்டி அறவே இல்லை. வெள்ளை பளிச்சென்று இருக்காது. பச்சரிசி மாவின் வெள்ளை. 210 ஜிஎஸ்எம்மிலும் வருகிறது. சட்டத்துக்குள் போகப்போகிறது என்றால் அந்த மெல்லியதே போதும், கனத்துக்குக் கொடுக்கும் காசு கண்ணாடிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாது. அம்மா தொட்டுக் காட்டிய இரண்டாவது பிரிண்ட் இதுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, ஒப்பீடே தப்பு. அவசரத்தில் ஐந்து தாளுக்கும் பிரிண்டரில் ஒரே தாள் வகையைத் தேர்ந்து அடித்திருந்தேன். அந்தத் தேர்வுதான் எவ்வளவு இங்க் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஒரே உலையில் பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் போட்டுவிட்டு, ஒன்று குழைந்துவிட்டது என்று குறைசொன்ன கதை.

மறுநாள் திரும்ப ஆரம்பித்தேன். இந்த முறை படத்தை விட்டுவிட்டு ஒரு படிக்கட்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. அடியிலிருந்து 0, 4, 8, 12 என்று 40 வரை சின்னச் சின்னச் சதுரங்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு தாளுக்கும் அதற்குச் சொல்லப்பட்ட தாள் வகை. அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஜன்னல் நிழலில் வைத்துப் பார்த்தேன். எந்தச் சதுரத்திலிருந்து பக்கத்துச் சதுரத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறது? ஜெர்மன் எட்சிங்கில் 20-ஐத் தாண்டித்தான் படி தெரிந்தது. பருத்தித் தாள் இரண்டிலும் 12-இல் தொடங்கிவிட்டது. அவற்றுக்குள் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. முதல் நாள் ஃபோட்டோ ராக் கொஞ்சம் பின்தங்கியது தாளின் குற்றமில்லை, என் குற்றம்.

இந்தப் படிக்கட்டு தாளைத் தேர்வதற்கு மட்டுமல்ல, படத்தைத் திருத்தவும் உதவியது. பெரியவரின் தோள் 6-இல் இருந்தது, படகு 10, வானம் 14. எந்த மேட் தாளிலும் முதல் இரண்டும் ஒட்டித்தான் போகும். தோளை அப்படியே விட்டு, படகை 18-க்கும் வானத்தை 26-க்கும் ஏற்றினேன். திரையில் பார்க்க வெளுத்துப்போனதுபோல் இருந்தது, தாளில் மூன்றும் மூன்றாக எழுந்து நின்றன. மேட் தாளில் கறுப்பு ஆழமாக இறங்காது, அதனால் பக்கத்தில் இருப்பதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகு சாதா மேட்டிலும்கூட படகு ஜம்மென்று மிதந்தது. தாளுக்கு நான் கொடுத்த பாராட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படியானால் இரண்டு பருத்தியில் எது என்பதை எது தீர்மானிப்பது? எனக்குக் கடைசியில் தூசி தீர்மானித்தது. அதற்கு முன், இரண்டையும் ஒரேபோல் வாட்டும் ஈரக்காற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் மூன்று நாள் கரன்ட் இல்லை. தரைத்தளத்தில் தண்ணீர், நாங்கள் இரண்டாம் மாடி, அதனால் தாளெல்லாம் பத்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். பிரித்த பெட்டி ஒன்றை உறைக்குள் திரும்ப வைக்காமல் அலமாரியில் விட்டிருந்தேன். நான்காம் நாள் எடுத்தால் ஷீட் ஒவ்வொன்றும் அப்பளம்போல் ஓரம் தூக்கி நின்றது. பருத்தி நார் ஈரத்தைக் குடித்து உப்பும், மேலே பூசிய படலம் அதே அளவு உப்பாது. அந்த இழுபறியில் தாள் வளையும். காய்ந்துவிட்டது என்று எண்ணி ஒரு வாரம் கழித்து அடித்தேன். தூக்கியிருந்த ஓரத்தில் பிரிண்டரின் ஹெட் உரசியது. வெள்ளை வானத்தில் தீக்குச்சி கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

தாள் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் சுகமாக இருக்கும். நவம்பர் சென்னை 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். இப்போது ஏசி அறையில்தான் பிரிண்டர், பக்கத்தில் ஈரமானி ஒன்று. தாளை உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது, எடுத்ததும் உறையை மூடுவது, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். பிரிண்டர் அமைப்பில் ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை ஒரு படி கூட்டிவிடுகிறேன். நம் ஈரக்காற்றுக்கு ஒரே ஒரு நன்றி சொல்லலாம். வறண்ட ஊர்க்காரர்கள் புலம்புகிற அளவுக்கு இங்கே இங்க் நாசிலில் காய்ந்து அடைத்துக்கொள்வதில்லை.

பருத்தித் தாளுக்கு இன்னொரு பழக்கம், நார்த்தூசி. பொடி ஒன்று மேற்பரப்பில் ஒட்டியிருக்கும், அதன்மேல் இங்க் விழும், பிறகு பொடி உதிரும், இருட்டு வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடிப்பதற்கு முன் ஆட்டுமுடி பிரஷ்ஷால் இரண்டு தரம் தடவிவிட வேண்டும். மெத்தென்ற தாள்களில் இது கூடுதல், இறுக்கமான வழவழப்புத் தாளில் குறைவு. காசிமேட்டுப் படங்களில் பாதிக்கு மேல் இருட்டு வானம். எந்தப் பக்கம் பூச்சு என்று சந்தேகம் வந்தால், விரல் நுனியை ஈரமாக்கி மூலையில் வையுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அடிக்க வேண்டிய பக்கம்.

நண்பர் ஒருவர் இடையில், "பாண்டிச்சேரி கையால செஞ்ச பேப்பர் எவ்வளவு அழகா இருக்கு, அதுல அடிக்கலாமே" என்றார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்க்ஜெட் பூச்சு இல்லாத தாளில் இங்க் நாருக்குள் இறங்கி ஊறிவிடும். கறுப்பு சாம்பலாகும், கோடு பிசிறும். அதற்கென்று விற்கும் பூச்சுத் திரவத்தை நாமே தடவி, காயவைத்து, வளைவெடுத்து அடிக்கலாம். ஒரு படத்துக்குச் செய்யலாம், 24-க்கு ஆயுள் போதாது.

சட்டம் போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை. சாமி படத்துக்குப் போடுவதுபோல் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டு, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். "அண்ணே, கண்ணாடி படத்து மேல படக் கூடாது, நடுவுல மவுன்ட் வேணும், அதுவும் ஆசிட் இல்லாத போர்டு" என்று நின்று சொல்லி வாங்க வேண்டும். ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் வியர்த்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக்கே என்று முடிவு செய்தேன். தூசி குறைவு, ஒளிர்வூட்டி இல்லை, படிக்கட்டில் முன்வரிசை. முகங்களே பிரதானமாக இருந்திருந்தால் ஃபோட்டோ ராக் எடுத்திருப்பேன், அதில் இப்போதும் சந்தேகமில்லை. மாமல்லபுரம் படங்களை மட்டும் ஜெர்மன் எட்சிங்கில் அடிக்கலாமா என்று நண்பர் விடாமல் கேட்டார். ஒரே சுவரில் இரண்டு வெள்ளை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று அழுக்காகத் தெரியும் என்று முதலில் மறுத்தேன். கடைசியில், அவற்றை எதிர்ச்சுவரில் தனியாக மாட்டுவதாக ஒப்பந்தம். எட்டுப் படங்கள் அங்கே, பதினாறு இங்கே.

ஒரு பெட்டியில் 25 ஷீட். பதினாறு படத்துக்கு ஒன்பது ஷீட் கெட்டுப்போகலாம் என்று அர்த்தம், என் ராசிக்கு அது சரியான கணக்கு. பெட்டி வந்து அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது, ஈரமானி 78 காட்டுகிறது. பொங்கல் கழித்துப் பிரிப்பதாக இருக்கிறேன்.